ஆம் என்றாரா, இல்லை என்றாரா, அவையிலேயே இல்லையா?

இலங்கை நாடாளுமன்றச் செய்தியாளர் மாடத்திலிருந்து பல ஆண்டுகள் எழுதிவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். நம்முடைய எம்.பி.மார் உள்ளே எப்படி வாக்களிக்கிறார்கள், வெளியே வந்து என்ன சொல்கிறார்கள் என்று திருகோணமலை மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். யாருக்குப் புள்ளடி போடுவது என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் கிடையாது.

உப்புவெளி, ஓர் ஆசிரியை: ஐயா, ஒரு சட்டமூலத்துக்கு எங்கள் எம்.பி. எப்படி வாக்களித்தார் என்பதை எங்கே பார்ப்பது?

ஹன்சாட்டில், அதாவது சபையில் பேசியதைச் சொல்லுக்குச் சொல் அச்சிடும் பதிவில். நாடாளுமன்ற இணையத்தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. வாக்கெடுப்பு நடந்திருந்தால் ஆம் என்றவர்கள், இல்லை என்றவர்கள் என்று பெயர்வாரியாக அச்சாகியிருக்கும். நடந்திருந்தால்தான். சபாநாயகர் விடயத்தைச் சபைக்கு விட்டு, குரல்களைக் கேட்டு, நிறைவேறியது என்று அறிவிக்கிறார்; யாரும் பெயர்வாரி வாக்கெடுப்புக் கோராவிட்டால் கதை அத்தோடு முடிந்தது. ஒருவர் பெயரும் பதிவாகாது.

2024 ஜனவரி 24ஆம் திகதி இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பு (அதன் கொள்கை மீதான வாக்கு) 108க்கு 62 என்று நிறைவேறியது. மூன்றாம் வாசிப்பு, அதாவது இறுதி ஒப்புதல், வாக்கெடுப்பு இல்லாமலேயே போய்விட்டது. ஆகவே “கடைசிவரை எதிர்த்து வாக்களித்தேன்” என்று யாராவது மேடையில் முழங்கினால், இரண்டாம் வாசிப்புக்கு மட்டுமே அவரிடம் சான்று இருக்க முடியும்.

கிண்ணியா, ஒரு வியாபாரி: ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிய 20ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை நம் மாவட்டத்து எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர் ஆதரித்தார் என்கிறார்கள். உண்மையா, தேர்தல் காலக் கதையா?

உண்மை. 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி 156க்கு 65 என்று அது நிறைவேறியது, தேவைப்பட்டவை 150. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிர்த்தார். அக்கட்சியின் ஏனைய நால்வரும் ஆதரித்தார்கள். அவர்களில் ஒருவர், திருகோணமலையில் ஐக்கிய மக்கள் சக்திப் பட்டியலில் வென்ற எம்.எஸ். தௌபீக். கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் (உடல்கள்) எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது என்பதால்தான் உங்கள் பக்கத்தில் அந்த வாக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதை அவர்களிடமே கேளுங்கள். செய்தார்கள் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

மூதூர், ஓய்வுபெற்ற ஓர் எழுதுவினைஞர்: வாக்கெடுப்பு நேரத்தில் எழுந்து வெளியே போவதை ‘நடுநிலை’ என்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ளலாமா?

இத்தனை கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இங்கேதான் அதிகம் ஒளித்து விளையாடுகிறார்கள்.

சாதாரணச் சட்டமூலத்துக்கு, சபையில் இருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை போதும். அங்கே எழுந்து போகிற எதிர்க்கட்சி உறுப்பினர், அரசாங்கம் வெல்வதற்கு வேண்டிய எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். அரசியலமைப்புத் திருத்தம் என்றால் கணக்குத் தலைகீழ். வராதவர்களையும் சேர்த்து மொத்தம் 225 பேரில் மூன்றில் இரண்டு, அதாவது 150 வேண்டும். அங்கே வராமல் இருப்பது எதிர்ப்பதற்குச் சமம். ஒரே கதவால்தான் வெளியே போகிறார்; அன்றைய அலுவல் என்ன என்பதைப் பொறுத்து அது உதவியாகவும் ஆகும், உபத்திரவமாகவும் ஆகும். இரண்டிலும் நடுநிலை எங்கே இருக்கிறது?

2022 மார்ச்சில் பயங்கரவாதத் தடைச் சட்டத் திருத்தம் வந்தது. ஆதரவு 86, எதிர்ப்பு 35. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் வீட்டுப் பிள்ளைகளை உள்ளே தள்ளிய ஒரு சட்டத்தைப் பற்றிய வாக்கெடுப்பில், 225 பேர் கொண்ட அவையில் 121 வாக்குகள்தாம். அரசாங்கத் தரப்பிலேயே எத்தனையோ பேரைக் காணவில்லை. இனி, 2023 ஏப்ரலில் சர்வதேச நாணய நிதிய உடன்பாட்டுக்கு ஒப்புதல் கேட்டபோது 120க்கு 25. பிரதான எதிர்க்கட்சி வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவே இல்லை. அந்தக் கடன் வராமல் போனால் பழி தங்கள் மேல் விழும், கையை உயர்த்தினால் அன்றைய ஜனாதிபதி ரணிலுக்குத் துணை போனதாகும் என்ற இரண்டு பயமும் சேர்ந்துதான் அவர்களை வெளியே வைத்திருந்தன என்பது என் கணிப்பு.

வராமல் இருப்பது எப்போதும் ஒளிப்பு என்று சொல்ல வரவில்லை. அதை நம் மாவட்டத்திலேயே கண்டிருக்கிறோம். 1977இல் முதன்முறை தெரிவான சம்பந்தன் ஐயாவும் தமிழர் விடுதலைக் கூட்டணியின் மற்ற உறுப்பினர்களும் 1983 நடுப்பகுதியிலிருந்து நாடாளுமன்றத்தைப் புறக்கணித்தார்கள். அந்த ஓகஸ்டில் வந்த ஆறாவது திருத்தம் கேட்ட, தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்ற சத்தியப்பிரமாணத்தையும் செய்யவில்லை. அனுமதியின்றி மூன்று மாதம் தொடர்ந்து வராததால் செப்டெம்பரில் அவருடைய ஆசனம் பறிபோனது. அந்த அரசியல் சரியா பிழையா என்று இன்றைக்கும் வாதிடலாம். ஆனால் நாடறியச் சொல்லிவிட்டுச் செய்தார்கள், விலையும் கொடுத்தார்கள். வாக்கெடுப்பு மணி ஒலிக்கும்போது சிற்றுண்டிச்சாலையில் இருந்துவிட்டு, மறுநாள் அறிக்கை விடுகிறவரை அவர்களோடு சேர்க்காதீர்கள். வராத எம்.பி.யிடம் ஒன்றைத்தான் கேட்பேன்: வரமாட்டேன் என்று முன்கூட்டியே எங்கேயாவது சொன்னீர்களா?

நகரம், மீன் வியாபாரம் செய்யும் ஓர் அண்ணன்: சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை இந்தியாவுக்குக் கொடுத்தபோது யார் யார் எதிர்த்து வாக்களித்தார்கள்?

ஒருவரும் இல்லை, அண்ணன். ஆதரித்தவரும் இல்லை. 2022 ஜனவரி 6ஆம் திகதி கைச்சாத்தான உடன்படிக்கை அது. 99 தாங்கிகளில் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். எல்லாம் அமைச்சரவை மட்டத்தில் நடந்தது. தொல்லியல் இடம் என்று காணிக்கு எல்லை போடும் வர்த்தமானியும் அப்படித்தான், நாடாளுமன்றத்தில் கை தூக்கி நிறைவேறுவதில்லை. “சபையில் எதிர்த்தேன்” என்று யாராவது சொன்னால் அதற்குப் பொருள் “பேசினேன்” என்பது மட்டும்.

பல்கலைக்கழக மாணவர் ஒருவர்: சேர், 2022 ஜூலையில் ஜனாதிபதியைத் தெரிவு செய்தபோது எந்த எம்.பி. யாருக்குப் போட்டார்?

எனக்குத் தெரியாது தம்பி. உங்களுக்கும் தெரிய வராது. இரகசிய வாக்கெடுப்பு. ரணிலுக்கு 134, டலஸுக்கு 82, அநுரவுக்கு 3, செல்லாதவை 4. கட்சிகள் எடுத்த முடிவுகள் தெரியும், தனியாட்கள் போட்டது தெரியாது. அதைப் பற்றி முகநூலில் யார் என்ன எழுதினாலும் நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

தம்பலகாமம், ஒரு விவசாயி: கட்சி சொன்னதற்கு மாறாக வாக்களித்தால் ஆசனம் போய்விடுமா?

வாக்களித்ததற்காகப் போகாது. அதற்காகக் கட்சி நீக்கினால் போகலாம். நீக்கப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். நீக்கியது செல்லும் என்று தீர்ப்பு வந்தால் ஆசனம் இல்லை. மட்டக்களப்பு எம்.பி. நசீர் அகமட்டை, கட்சி முடிவுக்கு மாறாக வரவு செலவுத் திட்டத்தை ஆதரித்ததற்காக முஸ்லிம் காங்கிரஸ் நீக்கியது. 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் கட்சியின் பக்கம் நின்றது. அமைச்சராக இருந்தபோதே ஆசனத்தை இழந்தார். கட்சிகள் மனம் வைத்தால் முடிகிற காரியம்தான். பெரும்பாலும் மனம் வைப்பதில்லை, அடுத்த தேர்தலில் அதே ஆளின் வாக்குவங்கி தேவைப்படும்.

நிலாவெளி, ஒரு தங்கச்சி: எம்.பி.மாரின் இரண்டு நிமிட வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் நிறைய வருகின்றன. எதை நம்புவது, அண்ணா?

பேசியது உண்மையாகத்தான் இருக்கும். யாருக்கு முன்னால் பேசினார் என்பது வீடியோவில் தெரியாது. கமரா பேசுபவரின் முகத்தைத்தான் காட்டும், சுற்றியிருக்கிற வெற்று நாற்காலிகளைக் காட்டாது. மாலையில், சபை கலையும் முன் எடுக்கும் ஒத்திவைப்பு வேளைப் பிரேரணையில் ஏழெட்டுப் பேர் முன்னால் முழங்கியதும், அமைச்சரை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்டதும் கைபேசியில் ஒன்றுபோலவே இருக்கும். திகதியைப் பிடித்துக்கொண்டு ஹன்சாட்டுக்குப் போங்கள். அமைச்சர் பதில் சொன்னாரா, சொன்ன பதிலை வீடியோவில் வெட்டிவிட்டார்களா என்று பாருங்கள். ஹன்சாட் பேசிய மொழியிலேயே அச்சாகிறது, இதுவும் பயனுள்ளது. ஒரே எம்.பி. தமிழில் ஊருக்குச் சொன்னதையும், ஆங்கிலத்தில் தூதரகங்கள் கேட்கச் சொன்னதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். சிலர் இரண்டிலும் ஒன்றையே சொல்கிறார்கள். சிலரைப் படிக்கும்போது இரண்டு ஆட்களோ என்று தோன்றும்.

அதே தங்கச்சி: வரவைப் பார்த்து மதிப்பிடலாமா?

கொஞ்சம். காலையில் முகத்தைக் காட்டிவிட்டுப் போனாலும் வரவு வரவுதான்.

நகரம், கட்சித் தொண்டர் ஒருவர்: அரசாங்கத்திடம் 159 பேர் இருக்கிறார்கள். எங்கள் ஒருவர் இல்லை என்றால் என்ன, ஆம் என்றால் என்ன? ஏன் இவ்வளவு துருவுகிறீர்கள்?

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். 2025 வரவு செலவுத் திட்டம் இரண்டாம் வாசிப்பில் 155க்கு 46, மூன்றாம் வாசிப்பில் 159க்கு 45. ஒரு கை எதையும் மாற்றாது. மாற்றாது என்பதாலேயே இன்றைக்கு ‘இல்லை’ சொல்வது மிகவும் மலிவு. அதைத் தியாகம்போல விற்கிறார்கள், அதைத்தான் துருவுகிறேன்.

நம் மாவட்டத்தின் நான்கு ஆசனங்களில் இரண்டு ஆளும் தரப்பிடம், இரண்டு எதிர்த்தரப்பிடம் இருக்கின்றன. ஆளும் தரப்பினர் ஆம் என்றுதான் சொல்வார்கள், வாக்கைப் பார்த்து அவர்களை அறிய முடியாது. குச்சவெளிக் காணியைப் பற்றியோ மூதூர் வைத்தியசாலையைப் பற்றியோ தங்கள் அமைச்சரிடம் பகிரங்கமாகக் கேள்வி கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எதிர்த்தரப்பினர் குழுநிலையில் (சட்டமூலத்தை வாசகம் வாசகமாகப் பார்க்கும் கட்டத்தில்) ஒரு வாசகத்தையாவது திருத்தக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? வாய்மூல விடைக்கான கேள்விகளில் நம் ஊர்ப் பெயர் எத்தனை தரம் வருகிறது? இதற்கெல்லாம் பெரும்பான்மை தேவையில்லை, மினக்கெடத்தான் வேண்டும்.

சேருவில, ஒரு வாசகர்: இணையத்தில் தேடத் தெரியாதவர்கள் என்ன செய்வது?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாடாளுமன்றத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள். எந்தச் சட்டமூலம், எந்தத் திகதி, எந்த உறுப்பினர் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். “எங்கள் எம்.பி. என்ன செய்கிறார்” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். முடிவைச் சொல்ல அவர்களுக்கு 14 வேலை நாட்கள் இருக்கின்றன. விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டைத் தவறாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மேன்முறையீடு செய்ய நேர்ந்தால் தேவைப்படும்.