கிணற்றடி வழக்கு

அன்புள்ள ஐயா,

உலகம் முழுக்கக் கிறிஸ்தவர்கள் ஒடுக்கப்படுவதாக அடிக்கடி அறிக்கைகள் வருகின்றன. அந்த எண்ணிக்கைகளை நம்பலாமா? உலகின் மிகப் பெரிய மதம் அது. வல்லரசுகளே அவர்கள் கையில்தான். காலனி காலத்தில் அவர்கள் செய்யாத கொடுமையா? இது மேற்குலகின் பிரச்சாரம் என்றுதான் எனக்குப் படுகிறது.

(பெயர் தவிர்க்கப்பட்டது)

அன்புள்ள நண்பருக்கு,

எண்ணிக்கையை விடுங்கள். கணக்கெடுப்பவரைப் பொறுத்து அது மாறும். ‘வல்லரசுகளே அவர்கள் கையில்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. சில நாட்களாகவே பாகிஸ்தானின் கிறிஸ்தவப் பெண் ஆசியா பீபியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

2009 ஜூன். பாகிஸ்தானின் பஞ்சாபில் ஒரு கிராமம். நல்ல வெயிலில் பெண்கள் ஃபால்சா பழம் பறிக்கிறார்கள், கூலி வேலை. ஆசியா பீபி கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துத் தானும் ஒரு வாய் குடிக்கிறார். கிறிஸ்தவப் பெண் தொட்ட தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்கிறார்கள் கூட வேலை செய்த பெண்கள். வார்த்தை தடிக்கிறது. சில நாட்களில் அது நபியை நிந்தித்த வழக்காகிறது. அடுத்த ஆண்டு தூக்குத் தண்டனை.

இதில் இறையியல் எங்கே இருக்கிறது? அப்பட்டமான தீண்டாமை இது. பஞ்சாப் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர், துப்புரவுத் தொழிலில் தள்ளப்பட்டு, பிரிட்டிஷ் காலத்தில் கூட்டம் கூட்டமாக மதம் மாறிய சாதியினரின் வழிவந்தவர்கள். மதம் மாறியும் தீட்டு விடவில்லை. இன்றும் அங்கே சாக்கடைக்குள் இறங்குபவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். துப்புரவு வேலைக்கு முஸ்லிம் அல்லாதவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று அரசு அலுவலகங்களே விளம்பரம் கொடுத்திருக்கின்றன. இவர்கள் கையில் எந்த வல்லரசு இருக்கிறது, சொல்லுங்கள். 2010இல் போப் பதினாறாம் பெனடிக்டே வெளிப்படையாக ஆசியா பீபியை விடுவிக்கச் சொன்னார். அதற்கப்புறமும் கிட்டத்தட்ட எட்டு வருடம் அந்தப் பெண் சிறையில் கிடந்தார்.

காலனி ஆட்சியின் பாவத்தைப் பழம் பறிக்கும் ஒரு கூலிக்காரியின் தலையில் இறக்குவது அநியாயம். கோபமாகத்தான் சொல்கிறேன். 2015இல் லிபியக் கடற்கரையில் ஐ.எஸ். தீவிரவாதிகளால் கழுத்தறுக்கப்பட்ட 21 பேரும் பிழைப்பு தேடி அங்கே போனவர்கள். அதில் 20 பேர் எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதி கிறிஸ்துவைக் கேள்விப்படும் முன்பே இருந்த சபை அவர்களுடையது. 2018இல் நைஜீரியாவின் டாப்சியில் இஸ்லாமியத் தீவிரவாதிகளால் கடத்தப்பட்ட மாணவிகளில் உயிரோடிருந்த மற்றவர்கள் எல்லோரும் ஒரு மாதத்தில் வீடு திரும்பினார்கள். லியா ஷரிபு என்ற 14 வயதுப் பெண்ணை மட்டும் விடவில்லை, ஏசுவை மறுக்க மாட்டேன் என்றதால். அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை.

உடனே இதை இஸ்லாமியருக்கு எதிரான ஆயுதமாக யாரும் எடுத்துக்கொண்டு வர வேண்டாம். ஆசியா பீபிக்காகப் பேசியதால் 2011 ஜனவரியில் தன் மெய்க்காவலனாலேயே சுட்டுக்கொல்லப்பட்ட பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர் முஸ்லிம்தான். இரண்டே மாதத்தில் அமைச்சர் ஷாபாஸ் பட்டியையும் கொன்றார்கள். அவர் கிறிஸ்தவர். எரித்திரியாவில் அனுமதியில்லாத சபையில் ஜெபித்தவர்களைச் சரக்குக் கன்டெய்னரில் அடைப்பது மத அமைப்பு அல்ல, அரசாங்கம்.

பிரச்சாரம் என்று சொல்லும் முன் ஒன்று செய்யுங்கள். 2018 அக்டோபர் 31 அன்று ஆசியா பீபியை விடுவித்த பாகிஸ்தான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துப் படியுங்கள். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்ட கூட்டத்தில் 100 பேர் இருந்தார்கள் என்கிறார் ஒரு சாட்சி. 2000க்கும் மேல் என்கிறார் இன்னொருவர். இந்தச் சாட்சியங்களை வைத்துத்தான் தூக்குத் தண்டனை கொடுத்திருந்தார்கள். முழுதாகப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.