பரு ஜெல் போட்டதும் முகம் எரிந்து உரிகிறது, பருவும் கூடிவிட்டது. நிறுத்திவிடலாமா?

உங்கள் நிலைமை இதுதான்: தோல் மருத்துவர் அடாபலீன் 0.1% ஜெல் எழுதிக் கொடுத்திருக்கிறார். தினமும் இரவில் போட்டுப் பத்து நாள் ஆகிறது. மூக்கோரமும் வாயோரமும் எரிந்து உரிகின்றன, பருவும் முன்பைவிடக் கூடியிருக்கிறது.

முதலில் கண்ணாடி முன் நின்று ஒன்றைப் பார்த்துவிடுங்கள். இமையோ உதடோ முகமோ வீங்கியிருக்கிறதா? கொப்புளம் வந்து நீர் வடிகிறதா? உடம்பில் அரிப்போடு தடிப்புகள் கிளம்பியிருக்கின்றனவா? இதில் ஒன்று இருந்தாலும் ஜெல்லை இப்போதே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். மூச்சுத் திணறினால் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள், அது ஒவ்வாமையாக இருக்கலாம்.

அப்படி எதுவும் இல்லை, வெறும் சிவப்பும் எரிச்சலும் உரிதலும்தான் என்றால் பயப்பட வேண்டாம். முதல் சில வாரங்களில் இந்த மருந்து பலருக்கும் செய்வது இதுதான். பெரும்பாலும் அளவு கூடியதாலோ, எடுத்த எடுப்பிலேயே தினமும் போட்டதாலோ வருவது. எனக்கும் அப்படித்தான் வந்தது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மருத்துவர் "கொஞ்சமாகப் போடு" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. முகத்துக்கு க்ரீம் பூசுவதுபோல, பரு இருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கெட்டியாக, அள்ளிப் பூசினேன். சீக்கிரம் போக வேண்டும் என்ற தவிப்பு. ஐந்தாம் நாள் வெறும் தண்ணீர் பட்டாலே சுரீர் என்றது. தூக்கிப் போட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து வேறு வழியில்லாமல் திரும்பப் போனபோது, மருத்துவர் ட்யூபை வாங்கி என் விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு பிதுக்கிக் காட்டினார். முகம் முழுவதற்கும் சேர்த்து அவ்வளவுதான்.

அந்தப் பட்டாணியை நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்து மெல்லிய படலமாகப் பரப்புங்கள். பருவின் மேல் மட்டும் வைக்காதீர்கள். இன்று நீங்கள் பார்க்கிற பரு இன்று பிறந்தது இல்லை. வாரக்கணக்கில் முன்பே மயிர்க்காலுக்குள் இறந்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணெய்ப்பசையோடு சேர்ந்து அடைப்பாகி, மெதுவாக மேலே வந்தது. அடாபலீன் முக்கியமாகச் செய்வது அந்த அடைப்பு உருவாகாமல் பார்த்துக்கொள்வது. அதனால் பரு வரக்கூடிய பகுதி முழுக்க அது இருக்க வேண்டும். வாரக்கணக்கில் பொறுக்கச் சொல்வதும் இதனால்தான். ஆரம்பத்தில் பரு கூடுவதுபோலத் தெரிவதும் பலருக்கு நடக்கிறது, பொதுவாகச் சில வாரங்களில் அடங்கிவிடும்.

இன்று இரவு என்ன செய்யலாம் என்றால், நான்கைந்து நாள் ஜெல்லை ஓரமாக வையுங்கள். மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன், அவ்வளவு போதும். தண்ணீர் பட்டாலும் எரியவில்லை என்ற நிலை வந்ததும் மூன்று நாளுக்கு ஒருமுறை என்று திரும்ப ஆரம்பியுங்கள். இரண்டு வாரம் அமைதியாகப் போனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் தினமும். இப்படிக் குறைத்துப் போடுவதை மருத்துவருக்கும் சொல்லிவிடுங்கள். ஒரு இரவு மறந்துவிட்டால் மறுநாள் இரண்டு பங்கு போட வேண்டாம்.

முகம் கழுவியதும் ஈரத்தோடு போடாதீர்கள். துண்டால் ஒற்றி எடுத்து, இருபது நிமிடம்போல நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். ஈரமான தோலில் எரிச்சல் கூடும். உங்களுக்கு ஓரங்கள்தான் தொல்லை என்பதால், ஜெல்லுக்கு முன் வாயோரம், மூக்கின் மடிப்பு இரண்டிலும் லேசாக வாசலின் தடவுங்கள். எனக்கு மிகவும் உதவியது இதுதான். கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் ஜெல்லே வேண்டாம். அப்படியும் எரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அது ஊறியபின் ஜெல், அதன்மேல் மறுபடி மாய்ஸ்சரைசர். முடிந்ததும் கையைக் கழுவிவிடுங்கள்.

இந்த ஜெல் போடும் காலத்தில் ஸ்கிரப், ஆல்கஹால் கலந்த டோனர், தோலை உரிக்கும் பீல் எதுவும் வேண்டாம். முகத்தில் வேக்ஸிங் கண்டிப்பாக வேண்டாம், மேல்தோல் மெழுகோடு சேர்ந்தே பிய்ந்து வரும். வெயிலும் சீக்கிரம் சுடும், அதனால் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தினமும் வேண்டும். ஏற்கெனவே வெயிலில் கன்றிப்போயிருந்தால் அது ஆறும்வரை ஜெல் போடாதீர்கள்.

மருந்துச் சீட்டில் வேறு ட்யூபும் இருக்கிறதா என்று பாருங்கள். பென்சாயில் பெராக்சைடு இருந்தால் அது துணியை வெளுக்கும். என் நீலத் தலையணை உறையில் திட்டுத் திட்டாக வெள்ளை விழுந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. கிளிண்டாமைசின் என்றால் அது ஆன்டிபயாடிக். அதை மட்டும் தனியாக நாள்கணக்கின்றிப் போட்டால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். அதனால்தான் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். சீட்டில் தனியாக இருந்தால் ஏன் என்று தயங்காமல் கேளுங்கள். அடாபலீன் வகையைச் சேர்ந்த இன்னொரு பரு மருந்தான ட்ரெடினாயின் ஜெல் வேறு கதை: சாதாரண ட்ரெடினாயின் வெளிச்சத்திலும் பென்சாயில் பெராக்சைடோடு சேர்ந்தாலும் சிதைந்து பலன் குறையும், அதனால் அதை இரவில் தனியாகப் போடச் சொல்வார்கள். அடாபலீன் தாங்கும். அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் ஒரே ட்யூபில் கலந்தே கிடைக்கின்றன.

எரிச்சல் தாங்காமல் மருந்துக்கடையில் "சிவப்பு குறைய ஏதாவது க்ரீம்" என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த க்ரீம் கைக்கு வந்துவிட்டால் இரண்டே நாளில் முகம் பளிச்சென்று தெரியும், மனது உடனே நம்பிவிடும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகப் பரு கிளம்பும். என் தோழி ஒருத்தி இதில் சிக்கி மீண்டு வரப் பல மாதம் ஆனது. அவள் அழுததைப் பார்த்தவள் என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு முயன்றுகொண்டிருந்தாலோ இந்த ஜெல்லைத் தொடாமல் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். பாலூட்டுபவர்களும் கேட்டுவிட்டே போட வேண்டும். வீட்டில் தங்கைக்கும் பரு இருக்கிறது என்று உங்கள் ட்யூபைக் கொடுக்காதீர்கள்.

ஆழத்தில் கட்டியாக வலிக்கிற பருவோ, குழி விழுகிற தழும்போ தெரிந்தால் காத்திருக்காமல் போய்விடுங்கள். மற்றபடி 12 வாரம் கொடுங்கள். அதற்குப் பிறகும் மாற்றம் இல்லையென்றால் மருந்தை மாற்ற வேண்டுமா என்று மருத்துவர் பார்ப்பார். தினமும் கண்ணாடியில் தேடினால் எதுவும் தெரியாது. வாரம் ஒருமுறை, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எனக்கு ஆறாவது வாரத்தில்தான் தினமும் போட முடிந்தது. மூன்றாம் மாதம் ஒரு காலையில் முகம் கழுவும்போது நெற்றியில் விரல் எங்கும் தட்டுப்படாமல் வழுக்கிக்கொண்டு போனது.