பதினான்கு பெயர் போட்டும் ஓடவில்லை என்கிறார்களே!

கேள்வி: படங்களின் அளவைக் குறைத்துத் தரும் ஒரு சின்ன ஓபன் சோர்ஸ் மென்பொருளை எழுதி வெளியிட்டிருக்கிறேன். அதற்குத் தேவையான பதினான்கு லைப்ரரிகளின் (பிறர் எழுதி வைத்த, என் நிரல் பயன்படுத்திக்கொள்ளும் துணை நிரல்கள்) பெயரையும் ரீட்மீயில் (மென்பொருளோடு வரும் விளக்கக் குறிப்பில்) போட்டாயிற்று. அப்படியும் வாரம் தவறாமல் யாராவது ‘ஓடவில்லை’ என்று எழுதுகிறார்கள். ரீட்மீயை யாரும் படிப்பதே இல்லையா?

பதில்: படிக்கிறார்கள். படித்தும் என்ன செய்வதென்று புரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறார்கள். பதினான்கு பெயரையும் ஒரே வரிசையில் அடுக்கிவிட்டால், எது இல்லாவிட்டால் நிரலே எழாது, எது இல்லாவிட்டால் ஒரு வசதி மட்டும் போகும் என்று வெளியாள் எப்படிக் கண்டுபிடிப்பார்? டெபியன் என்ற லினக்ஸ் வகையைத் தயாரிப்பவர்கள் இதற்கென்றே படிகள் வைத்திருக்கிறார்கள்: ‘டிபென்ட்ஸ்’ என்றால் கட்டாயம், ‘ரெக்கமென்ட்ஸ்’ என்றால் பெரும்பாலானவர்களுக்கு வேண்டியிருக்கும், ‘சஜெஸ்ட்ஸ்’ என்றால் இருந்தால் நல்லது. அந்தப் பிரிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ‘இது எதற்கு’ என்று நாலே வார்த்தை எழுதுங்கள். பாதிக் கடிதம் நின்றுவிடும்.

மீதிப் பாதி, கம்பைல் செய்பவர்களிடமிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து ஓடும் நிரலைத் தாங்களே உருவாக்கிக்கொள்பவர்களிடமிருந்து வருவது. லைப்ரரி கணினியில் இருக்கும், ஆனாலும் ‘காணவில்லை’ என்று கம்பைலர் அடம்பிடிக்கும், ஏனென்றால் லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் ஹெடர் கோப்புகள் தனிப் பேக்கேஜில் இருக்கின்றன. ஜேபெக் படங்களுக்கான லைப்ரரியை எடுத்துக்கொண்டால், ‘லிப்ஜேபெக் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் போதாது. டெபியன், உபுண்டு வகையில் அதன் ஹெடர் பேக்கேஜுக்குப் பெயர் லிப்ஜேபெக்-டெவ், ஃபெடோராவில் லிப்ஜேபெக்-டர்போ-டெவல். இந்தப் பெயர்களைத் தேடியே ஒரு மாலைப்பொழுது போய்விடும் (எனக்குப் போயிருக்கிறது). ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் (லினக்ஸ் வகைக்கும்) அப்படியே எடுத்து ஒட்டக்கூடிய ஒரு கட்டளை வரி கொடுத்துவிடுங்கள். ஓட்டுவதற்கு மட்டும் என்ன வேண்டும் என்பதை அதோடு கலக்காமல் தனியாக வையுங்கள்.

அப்புறம் ஒன்று, ரீட்மீயைவிட எல்லோரும் கட்டாயம் படிக்கிற இடம் பிழைச்செய்தி. பிழை நிரலில் எங்கே நடந்தது என்று காட்டும் இருபது வரி டிரேஸ்பேக்கைக் கொட்டுவதற்குப் பதிலாக, ‘வெப்பி படங்களைத் திறக்க லிப்வெப்பி வேண்டும், அது இங்கே இல்லை, மற்ற படங்கள் வழக்கம்போல வேலை செய்யும்’ என்று உங்கள் நிரலே சொல்லட்டும். இதற்கு நீங்கள் செலவழிக்கப்போவது ஒரு மணி நேரம்கூட இருக்காது.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு, எல்லா லைப்ரரிகளையும் நானே உள்ளே கட்டிக் கொடுத்துவிட்டால்?

பதில்: கொடுக்கலாம், பயனருக்கு நிம்மதிதான். ஆனால் 2023 செப்டம்பரில் இதே லிப்வெப்பியில், வில்லங்கமாகத் தயாரித்த ஒரு படத்தைத் திறந்தாலே தாக்குதலுக்கு வழிவிடும் ஓட்டை வெளியே வந்தது, 1.3.2 வெர்ஷனில் சரிசெய்தார்கள். கணினியின் பொது லைப்ரரியைப் பயன்படுத்திய நிரல்களுக்கு அந்த ஒரு பேக்கேஜைப் புதுப்பித்தாலே போதும். உள்ளே கட்டி வைத்திருந்தவை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புது வெளியீடு கொண்டுவர வேண்டியிருந்தது. எந்த மென்பொருளின் வயிற்றுக்குள் இது இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. கட்டிக் கொடுத்தால் அதோடு இந்தப் பொறுப்பும் உங்கள் தலையில் ஏறுகிறது, சரியா? குறைந்தபட்சம் உள்ளே எந்த லைப்ரரியின் எந்த வெர்ஷன் இருக்கிறது என்பதை ‘--வெர்ஷன்’ கேட்டால் காட்டும்படி வையுங்கள்.

அதே பயத்தில் சிலர், கணினியில் இருப்பதைப் பயன்படுத்தும்போதும் ‘1.3.2-க்குக் கீழே ஓடமாட்டேன்’ என்று நிரலில் பூட்டுப் போடுகிறார்கள். வேண்டாம். டெபியன் போன்றவை பழைய வெர்ஷன் எண்ணை வைத்துக்கொண்டே ஓட்டையை மட்டும் அடைத்து வெளியிடுவது வழக்கம், நீங்கள் பத்திரமாக இருப்பவரையும் சேர்த்துத் துரத்திவிடுவீர்கள். குறைந்தபட்ச வெர்ஷன் என்பது உங்கள் நிரல் அழைக்கிற ஃபங்ஷன்கள் எந்த வெர்ஷனிலிருந்து இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. நீங்கள் சோதித்துப் பார்த்த வெர்ஷன் எது என்பதைப் பக்கத்திலேயே வேறாக எழுதலாம்.

கேள்வி: என் மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு நிறுவனம் ‘எஸ்பாம்’ (மென்பொருளுக்குள் என்னென்ன லைப்ரரிகள் இருக்கின்றன என்ற பட்டியல்) கேட்கிறது. உட்கார்ந்து கையால் எழுத வேண்டுமா?

பதில்: கையால் எழுதினால் அடுத்த வெளியீட்டிலேயே பொய்யாகிவிடும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் ஓட்டை வெளியானபோது ‘நம்மிடம் அது இருக்கிறதா’ என்று தேடி அலைந்தவர்கள்தான் இப்போது இந்த மென்பொருள் உள்ளடக்கப் பட்டியலைக் கேட்கிறார்கள், பெரும்பாலும் அது அவர்கள் நேரடியாகச் சேர்த்த லைப்ரரியாக இல்லாமல் லைப்ரரிக்குள் லைப்ரரியாக ஒளிந்திருந்தது. எஸ்பிடிஎக்ஸ், சைக்ளோன்டிஎக்ஸ் இரண்டில் அவர்கள் கேட்கும் வடிவத்தில், லாக் (lock) கோப்பிலிருந்து, அதாவது சேர்ந்திருக்கும் லைப்ரரிகளின் வெர்ஷன்களைக் குறித்து வைக்கும் கோப்பிலிருந்து, கருவியே எடுத்துத் தரும். ஒவ்வொரு வெளியீட்டோடும் தானாக உருவாகும்படி பில்டில் (வெளியீட்டைத் தயாரிக்கும் படிகளில்) சேர்த்துவிடுங்கள்.