மகள் சீனாவைப் படிக்கிறேன் என்கிறாள்: ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் சார்.

பிளஸ் டூவில் காமர்ஸ் படிக்கும் மகள், நீங்கள் போட்டு வைத்திருந்த பி.காம்., சி.ஏ. கணக்கைக் கலைத்துவிட்டு, "சர்வதேச உறவுகள் படிக்கிறேன், சீனாவின் வெளியுறவுக் கொள்கைதான் என் பாடம்" என்கிறாள். "இதைப் படித்தால் யார் சார் வேலை கொடுப்பார்கள்? ஐ.நா.வில் போய் உட்காரவா போகிறாள்?" என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வியில் கோபம் இருந்தாலும் நியாயமும் இருக்கிறது.

முதலில் அவள் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 1971 அக்டோபர் 25-இல்தான் பெய்ஜிங் அரசுக்கு ஐ.நா.வில் இடம் கிடைத்தது. 2000 வாக்கில்கூட ஐ.நா.வின் வழக்கமான பட்ஜெட்டில் சீனா கட்டிய பங்கு ஒரு சதவீத அளவுதான். 2025 முதல் 2027 வரைக்கான பங்கு 20 சதவீதம். அமெரிக்காவின் பங்கு 22. நம்முடையது இன்னும் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. 2020-ஐ எடுத்துக்கொண்டால் உணவு வேளாண்மை அமைப்பு, தொலைத்தொடர்பு ஒன்றியம், விமானப் போக்குவரத்து அமைப்பு, தொழில் வளர்ச்சி அமைப்பு என ஐ.நா.வின் நான்கு சிறப்பு அமைப்புகளுக்கு ஒரே சமயத்தில் சீனர்கள் தலைமை வகித்தார்கள். அதே ஆண்டு அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் தலைமைக்கும் சீனா ஆள் நிறுத்தியது. ஆனால் ஜெயித்தவர் சிங்கப்பூரின் டேரன் டாங். பணம் மட்டும் போதாது என்பதற்கு இதைத்தான் நான் மாணவர்களிடம் உதாரணமாகச் சொல்வேன்.

இன்னொன்றையும் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். 2022 அக்டோபர் 6, ஜெனீவா, மனித உரிமைகள் கவுன்சில். உய்கர் முஸ்லிம்கள் ஒடுக்கப்படுவதாகப் புகார் எழுந்த சீனாவின் சின்ஜியாங் பகுதி பற்றி ஒரு விவாதம் நடத்தலாமா என்று வாக்கெடுப்பு. கண்டனத் தீர்மானம்கூட இல்லை, வெறும் விவாதம். ஆதரவு 17, எதிர்ப்பு 19. விவாதம் நடக்கவில்லை. பதினொரு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அதில் இந்தியா ஒன்று, போரில் சிக்கியிருந்த உக்ரைன் இன்னொன்று. பாகிஸ்தானும் இந்தோனேஷியாவும் எதிர்த்து வாக்களித்தன. ஏன் இப்படி? கடனா, வர்த்தகமா, நாளைக்கு நம்மைப் பற்றியும் விவாதிப்பார்கள் என்ற பயமா? இதை நாடு நாடாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் ஒவ்வொரு வெளியுறவு அமைச்சகத்துக்கும் தேவை. ஜெய்ஷ்-இ-முகமது பயங்கரவாத அமைப்பின் தலைவர் மசூத் அசாரை ஐ.நா. தடைப் பட்டியலில் சேர்க்கும் முயற்சியைச் சீனா ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தது. 2019 மே மாதம்தான் வழிவிட்டது. அந்த வலி தெரிந்த நாடு நாம்.

ஆக, விஷயம் கனமானதுதான். ஆனால் கனமான விஷயமெல்லாம் சம்பளமாக மாறுவதில்லை. இங்கேதான் உங்கள் பக்கம் வருகிறேன்.

"சர்வதேச உறவுகள்" என்று பட்டத்தில் பெயர் இருப்பதாலேயே யாரும் வேலைக்கு எடுப்பதில்லை. ஐ.எஃப்.எஸ்., அதாவது இந்திய வெளியுறவுப் பணி, ஒரு வழி. ஆனால் அது யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வின் மேல்தட்டு. ஆண்டுக்குச் சில பத்துப் பேருக்குத்தான் கிடைக்கும், எந்தப் பட்டம் படித்தவரும் எழுதலாம். பொதுப் பிரிவுக்கு 32 வயது வரை, ஆறு முயற்சிகள். எழுதட்டும், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஐ.நா. தலைமைச் செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ சொந்தக் காசில் தங்க வேண்டும். ஐ.நா. இளைஞர்களை வேலைக்கு எடுக்க நடத்தும் இளம் வல்லுநர் தேர்வையோ, அந்தந்த ஆண்டின் பட்டியலில் உள்ள நாட்டினர்தான் எழுத முடியும். உள்ளே போகிறவர்கள் பெரும்பாலும் புள்ளியியல், சட்டம், நிதி, பொது சுகாதாரம் என்று ஒரு கைத்தொழிலோடு போகிறார்கள்.

பிறகு என்னதான் வழி? எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். பி.காம். முடித்து, செலவுக் கணக்கியல் படித்து, விளையாட்டாகச் சீன மொழி கற்றுக்கொண்டவள். யு.பி.எஸ்.சி. இரண்டு முறை கை கொடுக்கவில்லை. இப்போது டெல்லியில் ஒரு சட்ட நிறுவனத்தில், பொருள் குவிப்புத் தடுப்பு வரி (ஆன்டி-டம்பிங்) வழக்குகளில் வேலை. சொந்த நாட்டு விலையைவிடக் குறைத்து இங்கே கொண்டுவந்து கொட்டும் பொருளுக்குப் போடும் வரி அது. சீனத் தொழிற்சாலை அனுப்பும் பதில் படிவத்தில் மூலப்பொருள் விலை, மின்கட்டணம், மானியம் எல்லாம் வரும். அதில் எது இடிக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. இந்த வழக்குகளுக்குப் பின்னால் பெரிய அரசியலே இருக்கிறது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது, அதன் உள்நாட்டு விலையை அப்படியே ஏற்க வேண்டாம் என்று ஒரு பிரிவில் மற்ற நாடுகள் எழுதி வாங்கின. பதினைந்து வருடத்தில் அது முடிந்துவிட்டது என்கிறது சீனா. முடியவில்லை என்கின்றன மற்றவை. இதை வைத்து ஐரோப்பிய ஒன்றியத்தின் மேல் சீனா போட்ட வழக்கு 2019-இல் பாதியில் நின்றுபோனது. ஒரு வல்லரசின் வெளியுறவுக் கொள்கை அந்தப் பெண்ணின் மேஜைக்கு எக்செல் கோப்பாக வந்து சேர்கிறது.

புரிகிறதா சார், உங்கள் மகள் காமர்ஸை விட வேண்டியதே இல்லை. பெய்ஜிங்கில் இருக்கும் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியில் சீனாவின் வாக்கு 26 சதவீத அளவு. முக்கிய முடிவுகளுக்கு 75 சதவீத வாக்கு வேண்டும் என்று விதி. கழித்துப் பாருங்கள், மற்ற எல்லோரும் சேர்ந்தாலும் 74 அளவுதான். 'வீட்டோ' என்று எங்குமே எழுதாமல் வீட்டோ வந்துவிடுகிறது. அங்கே இரண்டாவது பெரிய பங்குதாரர் இந்தியா. இதையெல்லாம் படிக்கக் கணக்குத் தெரிந்த ஆள்தான் வேண்டும். சீனம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கணக்குத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் தெரிந்தவர் அபூர்வம்.

என் யோசனை இரண்டு. ஒன்று, உள்ளூரிலேயே பி.காம். அல்லது பொருளாதாரம் படித்துக்கொண்டு, கூடவே சீன மொழி. சீன மொழித் திறனுக்கான எச்.எஸ்.கே. தேர்வில் நான்காம் நிலையாவது தாண்டினால்தான் அதற்கு மதிப்பு, முதல் இரண்டு நிலைச் சான்றிதழை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிறகு முதுகலைக்கு டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜே.என்.யு.) பன்னாட்டு ஆய்வுப் புலமோ டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசியத் துறையோ. இரண்டாவது, இப்போதே மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் நுழைவுத் தேர்வு எழுதி ஜே.என்.யு.வில் பி.ஏ. சீனம். அடிப்படையிலிருந்து சொல்லித் தருவார்கள், கட்டணமும் குறைவு. ஆனால் கணக்கியலைத் தனியாக அவளே பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். நான் முதல் வழியின் பக்கம்தான் சாய்வேன். அவள் இரண்டாவதைக் கேட்டால் தடுக்கவும் மாட்டேன்.

சீனம் கஷ்டமா என்றால், ஆமாம். எழுத்துகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, தினமும் ஒரு மணி நேரம் வேண்டும். இந்த விடுமுறையில் இரண்டு மாதம் படித்துப் பார்க்கட்டும். ஆர்வம் எவ்வளவு என்று உங்களுக்கும் தெரிந்துவிடும், அவளுக்கும் தெரிந்துவிடும்.

நீங்கள் இணைத்திருந்த அந்தத் தனியார் பல்கலைக்கழக விளம்பரத்தையும் பார்த்தேன். "ஐ.நா. வேலைக்கு நேரடிப் பயிற்சி" என்று போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு நேரடி வழியே கிடையாது. பாடத்திட்டத்தைத் தேடிப் பார்த்தேன், மொழி இல்லை, புள்ளியியல் இல்லை. சீட்டுக்கு அட்வான்ஸ் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கியூட் முடிவு வரும்வரை கட்ட வேண்டாம்.