வாசகர் கேள்வி: வலியிலும் நிறபேதமா?

கேள்வி: அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கும் என் மகள், அரிவாள் செல் ரத்தசோகை உள்ள கறுப்பின நோயாளிகள் வலியால் துடித்தபடி வந்தாலும், ஊசி போட நெடுநேரம் ஆகிறது என்று வருந்துகிறாள். மருத்துவர்கள் நிறத்தையுமா பார்ப்பார்கள்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் மகளின் வருத்தம் நியாயமானது. இந்தப் பரம்பரை நோயில் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து விறைத்து, நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்வதால், ரத்தம் எட்டாத எலும்பிலும் மார்பிலும் முதுகிலும் எழும் வலிக்குப் பல நேரங்களில் மார்ஃபின் போன்ற மருந்துதான் கேட்கும். ஆனால், அந்த வலியின் அளவைக் காட்டும் பரிசோதனை எதுவும் இல்லை. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும்கூட இயல்பாகவே இருக்கலாம். நோயாளியின் சொல்லை நம்புவதைத் தவிர வேறு வழியில்லாத அந்த இடத்தில்தான் நிறபேதம் நுழைகிறது.

அமெரிக்காவில் இந்நோயுள்ள ஏறத்தாழ 1 லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பிறந்தது முதல் நோயோடு வாழ்கிறவர்கள் என்பதால், தமக்கு எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொன்னதுமே, போதைக்காகக் கேட்கிறார் என்ற சந்தேகம் எழுந்துவிடுகிறது. தன் இன்சுலின் அளவைச் சரியாகச் சொல்லும் சர்க்கரை நோயாளியைப் பொறுப்பானவர் என்று பாராட்டும் மருத்துவ உலகில் இப்படி நடப்பது பெருங்கொடுமை.

எக்ஸ்ரேயில் தெரியும் காயத்திலேயே இந்த வேறுபாடு உண்டு. அட்லாண்டா மருத்துவமனை ஒன்றில் கைகால் எலும்பு முறிந்து வந்தவர்களைப் பற்றி 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், வெள்ளையரில் 74 சதவீதத்தினருக்கும் கறுப்பினத்தவரில் 57 சதவீதத்தினருக்குமே வலி மருந்து கிடைத்திருந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்விலோ, வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். அப்படி நம்பியவர்களே கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். வெறுப்பே இல்லாத மருத்துவரிடமும் இந்த நம்பிக்கை இருக்கக்கூடும் என்பதுதான் கவலைக்குரியது.

ஆகவே, மருத்துவரின் நல்ல மனதை மட்டும் நம்பியிருக்க முடியாது. கடிகாரத்தைப் பார்த்துச் செயல்படும் விதி வேண்டும். நோயாளி வந்த 1 மணி நேரத்துக்குள் முதல் மருந்தைக் கொடுத்து, பிறகு 30 முதல் 60 நிமிடங்களுக்கு ஒருமுறை வலியைக் கேட்டறிய வேண்டும் என்று அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2020இல் வழிகாட்டியிருக்கிறது. அடிக்கடி வரும் ஒவ்வொருவருக்கும் உரிய மருந்தும் அளவும் முன்கூட்டியே எழுதிய சிகிச்சைத் திட்டம் தன் பிரிவில் இருக்கிறதா என்று உங்கள் மகள் கேட்டுப் பார்க்கட்டும். அது இருந்தால், இரவுப் பணியில் புதிதாக வரும் மருத்துவரிடமும் நோயாளி தன் வலியை மறுபடி நிரூபிக்க வேண்டியிருக்காது.