மகள் கணினி டீச்சர் ஆகட்டும், அம்மா

போன வாரம் வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா, மகள் அடுத்து என்ன படிக்கலாம் என்று ஆலோசனை கேட்டு, மகளோடு என்னிடம் வந்தார். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி. அரச பல்கலைக்கழகத்துக்குத்தான் இசட் புள்ளி (அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) போதவில்லை. கனடாவில் இருக்கும் மாமா, தனியார் கல்லூரியில் மென்பொருள் பொறியியல் படிப்பிக்கச் சொல்கிறாராம். நகையை அடகு வைக்கலாம் என்று அம்மா சொன்னபோது பிள்ளை நிமிரவேயில்லை.

அம்மா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் நகை வீட்டிலேயே இருக்கட்டும். யோசனை மாமாவுடையது, வட்டி கட்டப்போவது நீங்கள்.

எதைச் செய்யும்போது நேரம் போவதே தெரியாது என்று மகளிடம் கேட்டேன். கீழ்மாடிப் பிள்ளைகளுக்கு ஐ.சி.டி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடம்) சொல்லிக்கொடுக்கும்போது என்றாள். 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் துவித எண் விளங்காத பையனுக்கு, ஒரு கையின் ஐந்து விரல்களை மடக்கியும் நீட்டியும் 31 வரை எண்ணக் காட்டினாளாம். நன்றாக புரோகிராம் எழுதுகிற பலருக்கும் இது வராது. டீச்சர் வேலையா என்று சொந்தக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கணினி டீச்சராக முதலில் ஒரு பட்டம் வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கிய பி.ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப இளமாணி) வெளிவாரிப் பட்டத்தைப் பாருங்கள். இசட் புள்ளி கேட்பதில்லை. பாடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, வீட்டிலிருந்தே படிக்கலாம். தனியார் வகுப்பு கட்டாயமில்லை. பதிவுக்கும் பரீட்சைக்கும் கட்டும் காசு, மாமா சொல்லும் கல்லூரிக் கட்டணத்துக்குக் கிட்டவும் வராது. முதல் வருடத்தோடு டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு உயர் டிப்ளோமா, மூன்றாவதில் பட்டம். பரீட்சை ஆங்கிலத்தில். தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கு அதுதான் உண்மையான மலை, இன்றே ஏறத் தொடங்க வேண்டும்.

அப்புறம் ஆசிரியர் சேவைக்கான பட்டதாரிப் போட்டிப் பரீட்சை. அறிவித்தல் நினைத்த நேரத்தில் வராது. அதுவரை தனியார் பாடசாலையில் கற்பிக்கலாம். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை நாவல திறந்த பல்கலைக்கழகத்தில் தமிழிலேயே செய்யலாம்.

கணினி டீச்சரின் வேலை, பைதன் என்ற புரோகிராம் மொழி, தர்க்கப் படலை (logic gate) போன்ற பாடங்களோடு நிற்காது. 2020இல் பாடசாலைகள் மூடியபோது மற்ற ஆசிரியர்கள் உதவி கேட்டு ஓடியது கணினி டீச்சரிடம்தான். ஸூமில் வகுப்பு எப்படி எடுப்பது, போன் இல்லாத பிள்ளைக்குப் பாடம் எப்படிப் போய்ச் சேர்வது என்று அவர்தான் யோசித்தார். அப்படிப்பட்டவர்கள் தமிழ்ப் பாடசாலைகளுக்கு இன்னும் நிறையத் தேவை.

சனிக்கிழமை மகளைத் தனியாக அனுப்புங்கள். பி.ஐ.டி. முதல் வருட வினாத்தாள் ஒன்றை ஆங்கிலத்திலேயே சேர்ந்து வாசித்துப் பார்க்கிறோம். மாமாவுக்கு அதற்குப் பிறகு பதில் சொல்லலாம்.