வீடியோவில் பாப்பாவின் மூளையைப் பற்றித் தெரியுமா?

கேள்வி: என் மகள் 32 வாரத்திலேயே பிறந்துவிட்டாள், இப்போது 20 வாரக் குழந்தை. செக்கப்புக்குப் போனபோது, அவள் சும்மா படுத்திருப்பதை மொபைலில் வீடியோ எடுத்து வரச் சொன்னார் டாக்டர். ஸ்கேன் இல்லாமல் இதில் என்ன தெரியும்? பயமாக இருக்கிறது.
- வாசகி, சேலம்

பதில்: நிறையவே தெரியும் அம்மா, தயங்காமல் எடுத்துக் கொடுங்கள். பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து கணக்குப் போட்டால், ஏறக்குறைய 9 முதல் 20 வாரம் வரை, விழித்து அமைதியாகப் படுத்திருக்கும் குழந்தையின் கழுத்து, உடம்பு, கை, கால் எல்லாம் சின்னச் சின்னதாக எல்லாப் பக்கமும் அசைந்துகொண்டே இருக்கும். யாரும் தூண்டாமல் மூளை தானாகவே உண்டாக்கும் அசைவு அது. நமக்குத் துறுதுறுவென்று இருப்பதாகத்தான் படும், ஆனால் பயிற்சி பெற்றவர்கள் அதை வைத்தே நரம்பு மண்டலம் எப்படி வேலை செய்கிறது என்று கணிப்பார்கள்.

ஹைன்ஸ் பிரெக்டல் என்ற ஆராய்ச்சியாளரின் குழு 130 குழந்தைகளை இப்படி வீடியோ எடுத்து, 2 வயது வரை கவனித்து, 1997இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதியது. இந்த அசைவு சரியாக இருந்த 70 பேரில் 67 பேர் நரம்பு வளர்ச்சியில் நன்றாக இருந்தார்கள். இல்லாத அல்லது மாறுபட்டிருந்த 60 பேரில் 57 பேருக்குப் பிற்பாடு பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு சரியாக வராமல் போவது) போன்ற பிரச்சினைகள் வந்தன. மீதி மூன்று பேரையும் மறக்காதீர்கள், அதனால்தான் வீடியோவை மட்டும் நம்பி யாரும் முடிவு சொல்வதில்லை, எம்ஆர்ஐயும் நேரடிப் பரிசோதனையும் சேர்ந்தே பார்ப்பார்கள். முன்பெல்லாம் பெருமூளை வாதம் என்று உறுதிப்படுத்த ஒன்று, ஒன்றரை வயது ஆகிவிடும். மூளை வேகமாக வளரும் அந்த மாதங்களைக் காத்திருந்தே தொலைப்பது எனக்கு ஆறாத வருத்தம். இப்போது ஆறு மாதத்துக்குள்ளேயே கண்டுபிடித்துப் பயிற்சியைத் தொடங்கலாம்.

உங்கள் மகள் 8 வாரம் முந்திப் பிறந்ததால் அவளுக்கு இப்போது 12 வாரக் கணக்குதான், சரியான நேரம். பால் குடித்து, தூங்கி எழுந்து நல்ல மூடில் இருக்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள். கை கால் தெரியும்படி மெல்லிய உடை போதும். கிலுகிலுப்பை, நிப்பிள், கொஞ்சல் எதுவும் வேண்டாம், நீங்கள் பேசினால் அவள் உங்களைத்தான் பார்ப்பாள். முகமும் முழு உடம்பும் தெரிய மூன்று, நான்கு நிமிடம் எடுங்கள். அழுதால் நிறுத்திவிட்டு அப்புறம் எடுக்கலாம். டாக்டர் இன்னொரு வீடியோ கேட்டாலும் பதறாதீர்கள், குழந்தை சிணுங்கியிருந்தாலே திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.